நூறு என்று எழுதிய கை

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் பாதிதான் நம்பினேன். எனக்குச் சொன்னது ஒரு வாய். அது சொல்வதை ஆமோதிக்கப் பக்கத்தில் ஒரு முகம்கூட இருக்கவில்லை. ஆனாலும் கேட்டபடியே சொல்கிறேன்.

அகதி முகாம் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் தேவையான பணத்தில் நாற்பத்தொரு சதவீதம் வந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் நாற்பத்தொரு சதவீதம் பள்ளிக்கு வந்தது. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. பத்துக்குக் காதுகள், இருபத்தைந்துக்கு வலது கை, முப்பதுக்குக் கண்கள், நாற்பதுக்கு வாய் என்று வரிசை இருந்தது. கால்களுக்கு எண்பது வேண்டும். கால்கள் வந்த வருஷத்தை யாரும் கண்டதில்லை. அதனால் காலையில் அம்மாமார் பிள்ளைகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்து வகுப்பு வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள். மிச்சப் பிள்ளை வீட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

அடுத்த வருஷம் எத்தனை சதவீதம் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது முகாம் அலுவலகத்தில் சதானந்தனின் வேலை. நாடுகள் தருவதாகச் சொன்னதைக் கூட்டுவார். அதில் பாதியை எடுப்பார். வேறெங்காவது புதிதாகப் போர் தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கழிப்பார். சோறும் கூடாரமும் போக மிஞ்சுவது பள்ளிக்கூடம். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கணக்கு ஒரு சதவீதம்கூடப் பிசகியதில்லை. அது அவருக்குப் பெருமையா, பயமா என்று அவருக்கே தெளிவில்லை.

அந்தப் புரட்டாசியில் கணக்கு முப்பத்தாறில் வந்து நின்றது. அடுத்த வருஷம் வாய்கள் வராது.

செய்தி அறிந்து மெற்றில்டா டீச்சர் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

“மிதுஷாவின்ரை வாய். அஞ்சாம் வகுப்பு. வாயில்லாமல் இவள் எப்பிடிப் படிப்பாள் எண்டு நீங்களே பாருங்கோ.”

“டீச்சர், நான் பணம் தாறவன் இல்லை. வாறதைச் சொல்லுறவன்.”

“அதைத்தான் ஒவ்வொரு வருஷமும் சொல்லுறியள். நாலு கூட்டி எழுதினால் பேனை உடைஞ்சு போயிடுமோ?”

பெட்டிக்குள் காதுகளோடு இருந்த வாய் அதுவரை மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு கேட்டது.

“ஐயா, ஒருக்கா பிழையாச் சொன்னால் என்ன நடக்கும்?”

சதானந்தன் யோசித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் பிழையாகச் சொன்னதே இல்லை. என்ன நடக்கும் என்று எப்படித் தெரியும்?

“தெரியாது, பிள்ளை.”

“தெரியாட்டி ஒருக்கா செய்து பாக்கலாமே?”

“இவள் வகுப்பிலையும் இப்பிடித்தான்,” என்றார் டீச்சர். குரலில் முறைப்பாடு இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது.

அவர்கள் போன பின்னும் அந்தக் கேள்வி மேசையில் இருந்தது. அடுத்துச் செய்ததைப் பிள்ளைகளின் மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக, எனக்குக் கதை சொன்ன வாய் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. அறிய வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான் என்றது. முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் சதானந்தன் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் பணம் வந்தது. முப்பத்தாறுதான். பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளைகள் முழுதாக வந்தார்கள். தங்கள் கால்களால் நடந்து வந்து, இடைவேளையில் ஓடினார்கள். குறைந்த அறுபத்துநான்கை அலுவலகம் சதானந்தனிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவருடைய நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தேவைப்படவில்லை. ஒரு மனிதரின் அறுபத்துநான்கு இத்தனை பிள்ளைகளுக்கு எப்படிக் காணும் என்று டீச்சர் கேட்டாராம். சதவீதத்துக்குத் தலைக்கணக்கு கிடையாது என்று பதில் கிடைத்தது.

அன்றிலிருந்து சதானந்தனின் காதுகளும் வலது கையும் கண்களும் மட்டும் வேலைக்குப் போயின. மனைவி பூரணம் காலையில் பெட்டியில் கொண்டுபோய் வைப்பார். ஒவ்வொரு புரட்டாசியிலும் கை நூறு என்று எழுதியது. வாய் வீட்டு ஜன்னலோரம் இருந்து, போகிறவர்களைக் கூப்பிட்டுக் கதை சொன்னது. அப்படித்தான் எனக்கும் சொன்னது.

கேட்க எனக்கு நிறைய இருந்தது. ஆனால் காதுகள் அலுவலகத்தில். ஐந்து மணி வரை பொறுத்திருக்க எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

இந்த வருஷம் பணம் இருபத்தெட்டு. போன கிழமை நான் போனபோது கண்களும் ஜன்னலோரத்தில் இருந்தன. பார்க்காமலே கை இந்த முறையும் நூறு என்று எழுதியதாக வாய் சொன்னது. தெருவில் மிதுஷாவின் தம்பி பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். கண்கள் அவன் கால்களையே பார்த்தன.

அன்று காத்திருந்தேன். ஐந்தரைக்குப் பூரணம் வந்து பெட்டியைத் திறந்தார். காதுகளுக்குக் கிட்டக் குனிந்தேன்.

“அண்ணை, வாற வருஷம் இருபத்துநாலு எண்டால் கையும் வீட்டிலை நிண்டிடும். பிறகு நூறு எண்டு எழுதுறது ஆர்?”