கைப்பிடிக் கொசுறு

சரக்கு வாங்கும் வன்னா தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து நேரில் வருகிறார் என்று கேட்டதும் ஃபெலிசியா கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டாள். சரக்கு பிடித்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார். எல்லை தாண்டி வருகிறார் என்றால் ஏதோ கோளாறு.

மலேசியப் பக்கம், சுங்கை பட்டாணியில் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது வர்த்தகச் சங்க அலுவலகம். வன்னா வணக்கம் சொன்ன கையோடு பெட்டியைத் திறந்து, ஃபெலிசியா அனுப்பிய மாதிரிப் பொட்டலங்களை மேசையில் வைத்தார். கறிவேப்பிலை போட்டு வறுத்த நெத்திலியும் நிலக்கடலையும். ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார். உறையில் அச்சிட்டிருந்தது நூறு கிராம். தராசு ஒன்றுக்கு நூற்றுப் பத்து காட்டியது, அடுத்ததற்கு நூற்று இருபது. நூறில் நின்றது ஒன்றுகூட இல்லை.

"கொறச்சலாவா போட்டேன்? கூடத்தானே இருக்கு லா," என்று சங்கச் செயலாளர் பரஞ்சோதியிடம் கிசுகிசுத்தாள் ஃபெலிசியா.

"அதான்க்கா பிரச்சனையே. கஸ்டம்ஸ்ல நாம ஒரு எடை எழுதிக் குடுத்தோம். அங்க நிறுத்தா வேற எடை. பெட்டி பெட்டியாப் பிரிச்சுப் பாத்துட்டாங்களாம்."

"பாக்கெட் நிரப்புற மெஷின் சரியாத்தான் போடுது தம்பி."

"அப்ப கூட யாரு போட்டா?"

அவளுக்குத் தெரியும். அவள்தான் போட்டாள். அவளும், ஷெட்டில் அவளுடன் வேலை செய்யும் மருதம்மாளும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற நாட்களில், நிறுத்து முடித்த பொட்டலத்தில் ஒரு கைப்பிடி கூட அள்ளிப் போடாமல் யாருக்கும் நீட்டியதில்லை. இப்போதும் உறையை ஒட்டுமுன் கை தானாக டப்பாவுக்குள் போய்விடுகிறது.

அந்தச் சந்தைத் தட்டிலிருந்து அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது சங்கம்தான். கோத்தா கோலா மூடாவில் நெத்திலி வாங்கி அவள் வறுத்தது இரண்டு வாரத்தில் நமுத்துவிடும். வறுத்ததைச் சுழற்றி எண்ணெயைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் இருந்த பொதுச் சமையற்கூடத்துக்குப் பரஞ்சோதி கூட்டிப்போனான். மொறுமொறுப்பு மாதக்கணக்கில் நின்றது. பிறகு அலோர் ஸ்டாரில் சங்கம் நடத்திய வணிகச் சந்திப்பில், தென் தாய்லாந்தில் பல கடைகள் வைத்திருக்கும் வன்னா ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு முகவரி கேட்டார். அந்தத் தெம்பில் ஃபெலிசியா கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டாள். மருதம்மாளையும் சேர்த்து மூன்று பெண்களை ஷெட்டில் அமர்த்தினாள். இன்று வன்னா வேண்டாம் என்று எழுந்து போய்விட்டால், அந்த மூவருக்கும் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யார் இப்படிச் செய்வது?" வன்னா மலாயில் கேட்டார். கோபம் தெரியவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"நான்தான்," என்றாள் ஃபெலிசியா, அவளும் மலாயில். "எங்க ஆளுங்க எடைக்கு மேல ஒரு கை கேப்பாங்க. போடலைன்னா அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

வன்னா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உன் சந்தையில் நீ அள்ளிப் போடுவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். என் கடையில் இது ஒட்டிய உறை. நீ கொடுத்தது யாருக்குமே தெரியாது. எனக்குத் தண்டம்தான் தெரிகிறது."

பரஞ்சோதி வாயைத் திறந்தான். "இனிமே கண்டிப்பா நூறுதான்னு..."

"கொஞ்சம் இரு தம்பி," என்றாள் ஃபெலிசியா.

பையில் வேறொன்று இருந்தது. எலுமிச்சை இலையும் மிளகும் சேர்த்து அவள் புதிதாக வறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நெத்திலி. பரஞ்சோதியிடம் காட்டிக் கருத்துக் கேட்கக் கொண்டுவந்தது. பையிலேயே கிடந்த, சம்பல் சட்னி கட்டும் குட்டி பிளாஸ்டிக் உறை ஒன்றில் ஒரு கைப்பிடி போட்டு முடிச்சிட்டாள். மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, பெரிய பொட்டலத்தின் தலைப்பில் வெளியே தெரியும்படி அடித்து, வன்னாவின் முன் நகர்த்தினாள்.

"இனிமே உள்ள நூறு. ஒரு கிராம் கூடாது, குறையாது. இது என் கை. எல்லாருக்கும் தெரியட்டும்."

"இலவசம்னாலும் கஸ்டம்ஸ்ல எழுதணும்க்கா," என்றான் பரஞ்சோதி.

"எழுது. உன் சங்கத்துல வேற என்ன வேலை?"

வன்னா சிரிக்கவில்லை. குட்டி உறையைப் பிய்த்து ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்று. பிறகு உள்ளங்கையில் கவிழ்த்து மிச்சத்தையும் தின்றார்.

"இது பெரிய உறையில் வேண்டும்."

"எது?"

"இந்த எலுமிச்சை இலை."

"அது கொசுறுங்க," என்று ஃபெலிசியா தமிழில் சொல்லிவிட்டு, மலாய்க்கு மாறினாள். "சின்ன உறையில இலவசம். பெரிய உறையிலன்னா விலை இருக்கு. கறிவேப்பிலையை விடக் கூட."

பரஞ்சோதி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

வன்னா அவளை ஒரு கணம் பார்த்தார். இப்போது சிரித்தார். "இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றோடும் மற்றதன் குட்டி உறை இருக்கட்டும். என் கடைகளில் அலமாரி இடம் நான் தருகிறேன். உறையில் நம் இருவர் பெயரும் போடலாம்."

அடுத்த மாதம் உறையின் மாதிரி அச்சாகி வந்தபோது ஷெட்டில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். தாய்லாந்து எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மருதம்மாள் உறையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒம்பேரு எங்க புள்ள?" என்றாள்.

ஃபெலிசியா போனில் வன்னாவைக் கேட்டாள். முதல் வரி என்றார் வன்னா.

"முதல் வரியாம்," என்றாள் ஃபெலிசியா. சொல்லிவிட்டு வெளியே போய், வந்து நின்ற நெத்திலி லாரியின் பின்கதவைத் திறந்தாள்.