அடியில் இருந்த மரவுரி

நல்வோகா மரப்பட்டையை அடித்துச் செய்த மரவுரித் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் பிள்ளைகள், மேளங்கள். கரியும் சேறும் குழைத்து அவள் புருஷன் லுபேகா வரைந்தவை. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் விற்றால்தான் பாட்டு படிக்கும் பிள்ளைகளுக்குப் புது மேளம்.

லுபேகா நடுவீட்டில் கிடந்தார். காலையில் கஞ்சி கேட்டார். அவள் ஆற்றிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

"இன்னும் என்ன தேடறீங்க அண்ணி?" நாத்தனார் நகிட்டோ எட்டிப் பார்த்தாள். "அண்ணனச் சுத்திப் புதைக்க, மேல போட சொந்தக்காரங்க கொண்டுவந்த மரவுரி குவிஞ்சு கெடக்கு. உடம்போட ஒட்டறது மட்டும் வீட்டுதா இருக்கணும்."

"'அடுக்கோட அடியில இருக்கறது எனக்கு, வித்துடாதே'ன்னு அவரு முன்னாடியே சொல்லிவச்சாரு."

"அப்போ அடியில இருக்கறத உருவுங்க."

"அதுக்கப்புறம் போன மழையில கூரை ஒழுகிச்சுன்னு அடுக்கத் தூக்கி எடம் மாத்தி வச்சேன். கவுத்து வச்சேனா, அப்படியே வச்சேனான்னு நெனவில்ல."

"நல்லா வச்சீங்க போங்க!" நகிட்டோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தி அதை அழுகையாக்கினாள்.

இப்போது மேலே இருந்தது பெரியது, பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள். அடியில் இருந்தது முடிக்காத படம். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து தட்டும் கட்டை வாத்தியத்தின் ஒரு பக்கம் ஒரு சிறுமி குச்சியை ஓங்கியிருந்தாள். எதிர்ப்பக்கம் வாசிக்க ஆள் இல்லை.

பாட்டு வாத்தியார் வாஸ்வாவைக் கூப்பிட்டு, அவர் எதைச் சொன்னார் என்று நல்வோகா கேட்டாள்.

"என்கிட்டயும் அடியில இருக்கறதுன்னுதான்க்கா சொன்னாரு. அது பிள்ளைங்களுக்குன்னாரு."

"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வாஸ்வா தலையைச் சொறிந்தான். "பெரிய படம் போச்சுன்னா மேளமும் போச்சுக்கா. அத வாங்கத்தான் ஆள் வருது."

"எங்கண்ணனுக்கு அரைகுறையா?" என்றாள் நகிட்டோ. "பிள்ளைங்களுக்கே வரைஞ்சு தேஞ்ச மனுஷன்!"

குழி தயார் என்று வெளியே குரல் கேட்டது. நல்வோகா முடிக்காத படத்தை எடுத்துக் கொடுத்தாள். சரியா என்று கேட்க நினைத்தவள் நடுவீட்டைப் பார்த்தாள். வழக்கமாக அவரிடம்தான் கேட்பாள்.

"படம் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றார் சுற்ற வந்தவர்.

"உள்பக்கம்."

அந்தச் சிறுமியின் எதிரே அவரைக் கிடத்திச் சுற்றினார்கள்.

நல்வோகா பெரியதை மடித்தாள். அடுக்கின் மேலே வைக்கப் போனாள். பிறகு மற்றவற்றைத் தூக்கி அடியில் வைக்கப் போனாள். வெளியே அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.