கனடாக் கசெற்

எட்வேட் அண்ணரின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோ கசெற்றைப் பார்க்க, லின்ஃபீல்டில் அண்ணர் வீட்டு ஹோல் நிறைந்திருந்தது. திரையில், பனியில் புதைந்த தம்பியின் காரைத் தெருவே திரண்டு தள்ளியது. தம்பி சறுக்கிப் பொத்தென்று விழ, தள்ளியவர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

"இதல்லோ ஒற்றுமை!" என்று அண்ணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புறப்படும்போது என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மழை தூறியது. ஒற்றுமைக்காரர் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பற்றறி போல. உள்ளுக்கு வாங்கோ, குளிருது" என்று அவர்களைக் கூப்பிட்டு, அண்ணர் கதவைச் சாத்தினார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மனைவி டோறின் சேலையைச் செருகிக்கொண்டு தனியாகத் தள்ளினாள். ஈரத்தில் சறுக்கி விழுந்தாள். உள்ளே பெரிய சிரிப்பு எழுந்தது.

"என்னைப் பாத்தோ சிரிக்கினம்?"

"இல்லையப்பா. கசெற்றைத் திரும்பவும் போட்டிருக்கினம்."