ஆறு நிமிடச் சராசரி

எங்கள் ரேடியோ நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் அறைச் சுவரில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியவன் நான்தான். புதிதாக யார் வந்தாலும் அதன் முன் நிறுத்திப் பாடம் எடுப்பேன். ரேடியோ அலை எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்காது, ஆனால் சதையை வேகவைக்கும். அதனால் டவரில் ஏறுகிறவன் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். என் தங்கை புருஷன் மட்டும் வாய் பிளந்து கேட்பான்.

அவன் டவர் பெயிண்டர். அன்று காலை சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"கீழ மச்சான் இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று சிரித்துவிட்டு ஏறினான்.

மதியம் வரை ஒலிபரப்பு கிடையாது என்று முதல் நாளே அறிவித்திருந்தோம். ஆனால் பத்து மணிக்கு மேலாளர் போன் செய்தார். பெரிய விளம்பரதாரர் ஒருவர் தன் கடைத் திறப்பு விழாவில் ரேடியோவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

"மூணே நிமிஷம். அவர் விளம்பரத்தப் போட்டுட்டு ஆஃப் பண்ணிடுங்க."

"சார், மேல ஆள் இருக்கு. இறங்கவே இருபது நிமிஷம் ஆகும்."

"அப்ப உங்க இடத்துக்கு வேற ஆள் பாக்கட்டுமா?"

இங்கேதான் என் படிப்பு கைகொடுத்தது. விதியில் உடம்பு தாங்கும் கதிர்வீச்சுக்கான வரம்பு என்பது ஆறு நிமிடச் சராசரி. பாதி சக்தியில் மூன்று நிமிடம் ஓட்டினால் சராசரியில் முழுச் சக்தியின் கால்வாசிதான் வரும். கணக்கு கச்சிதம். ஒலிபரப்பு ஓடும்போது ஆன்டெனாவைத் தொடவே கூடாது என்று அடுத்த வரியில் இருந்தது. மேலே அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான் என்பதும் எனக்குத் தெரியும். மேஜை இழுப்பறையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மாற்றுச் சாவி விஷயம் வெளியே வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் அவன் வலது கையின் நான்கு விரல்களை எடுத்தார்கள். கட்டு பெரிதாக இருந்ததால் அது அவனுக்குத் தெரியவில்லை; யாரும் சொல்லவும் இல்லை. அந்த மூன்று நிமிடம் பதிவேட்டில் ஏறவில்லை. விபத்து அறிக்கையை நானே எழுதினேன்: சாவி காயம்பட்டவர் பையிலேயே இருந்தது, எனவே மின்சாரம் இல்லை, எனவே பெயிண்ட் ரசாயனத்தால் கை வெந்தது. விதியை வைத்தே விதிமீறலைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் கட்டிலருகே போய் அறிக்கையை நீட்டினேன்.

"படிச்சுப் பாக்கறியா மாப்ள?"

"மச்சான் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று இடது பெருவிரலை நீட்டினான். நான் அதைப் பிடித்து மையில் தொட்டு அறிக்கையில் அழுத்தி எடுத்தேன்.

பக்கத்தில் நின்று அறிக்கையைப் படித்துவிட்ட தங்கை என்னை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"அது தண்ணி பெயிண்ட், அண்ணா. காலையில நான்தான் என் கையால கரைச்சுக் குடுத்தேன்." உள்ளங்கைகளை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உன் புருஷனுக்கு இனிமே வேலை கிடையாது. என் வேலையும் போச்சுன்னா ரெண்டு வீடும் என்ன பண்ணும்?" என்றேன்.

அவள் கைகளைத் தாழ்த்திக்கொண்டாள். அறிக்கையை நான் மடித்துப் பையில் வைத்தபோது தடுக்கவில்லை.

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "மச்சான், மேலாளர்கிட்ட சொல்லி வைங்க. கட்டு பிரிச்சதும் மிச்சத்த நானே ஏறி முடிச்சுத் தரேன். கீழ நீங்க இருப்பீங்கல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருப்பேன் மாப்ள" என்றேன்.