முழுசாக அடித்தவர்கள்

பூஞ்சேரி கூட்ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து மூன்று மாதம் கழித்துக் கிருபாகரன் வேலைக்குத் திரும்பியபோது, வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மற்ற விரல்களும் பத்து நிமிடம் தட்டினால் மணிக்கட்டுவரை இழுத்தன. டாக்டர், "இவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

மாமல்லபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கமாண்டாவது டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் அடிக்க வேண்டியிருக்கும். அவன் அதற்குப் பயப்படவில்லை. பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டி டேப் கீயை அழுத்தினால் கமாண்டுகளை வாங்கிக்கொள்ளும் ஷெல் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பதினோரு வருடமாக அப்படித்தான் வேலை செய்திருந்தான். அந்தத் தைரியத்தில்தான் திரும்பியும் வந்தான்.

அலுவலகம் புது லேப்டாப் அனுப்பியிருந்தது. வேண்டிய மென்பொருள் கருவிகளை, அவற்றை இறக்கி நிறுவித்தரும் பேக்கேஜ் மேனேஜர் வழியாக ஏற்றினான். எல்லாம் ஓடின. டேப் மட்டும் வேலை செய்யவில்லை. அழுத்தினால் 'டொங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இணையத்தில் ஆளுக்கொரு வரி சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும், ஷெல் திறக்கும்போது மேலிருந்து கீழாகப் படிக்கும் கான்ஃபிக் ஃபைலின் அடியில் ஒட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒட்டியதைத் திரும்ப எடுக்கவும் அலுப்பாக இருந்தது. அதற்குள் வேலை கேட்டு வரும் டிக்கெட்டுகள் குவிந்துவிட்டதால், எல்லாவற்றையும் முழுசாகவே அடிக்க ஆரம்பித்தான்.

"இன்னாயா, நாஸ்தா அப்டியே கீது?" செங்கல்பட்டில் லேபில் வேலை பார்க்கும் மனைவி சிநேகா, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டைப் பார்த்தாள். "ஆபீசுல கை மேட்டர சொன்னியா இல்லியா?"

"சொன்னா தூக்கிடுவாங்க."

"இப்டியே அடிச்சிகினு கெடந்தா மட்டும் வச்சிக்குவாங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அது நடந்தது. நாற்பத்தொன்றாம் எண் சர்வரை நிறுத்த வேண்டியவன், பதினான்கு என்று அடித்துவிட்டான். பதினான்கில் ஒரு மருந்துக்கடை நிறுவனத்தின் பில்லிங் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் அத்தனை கடைகளிலும் பில் போட முடியவில்லை.

டீம் லீடர் பிரவின்குமார் போனில் கூப்பிட்டான். கிருபாகரனைவிட எட்டு வயது சின்னவன்.

"இன்னாண்ணா இது? நீங்க இப்டி பண்ற ஆளே கெடையாதே."

"நம்பர் மாத்தி அடிச்சிட்டேன்பா."

"டேப் தட்டுனா சர்வர் லிஸ்டே வருமேண்ணா. அதுலேர்ந்து எடுக்க வேண்டியதுதான?"

வரவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை. பதினோரு வருட ஆள் ஒரு டேப் கீயைச் சரிசெய்யத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? சரிப்பா, பார்த்துக்கறேன் என்று வைத்துவிட்டான்.

பிறகு வத்சலாவை அழைத்தான். அதே குழுவில், திருக்கழுக்குன்றத்திலிருந்து வேலை செய்பவள். அவள் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை. அவளிடம் தன் திரையை இணையம் வழியாகப் பகிர்ந்து காட்டினான்.

அவள் ஃபைலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"இருபத்தாறாவது வரில, டேப் தட்டினா நிரப்பற கம்ப்ளீஷனை ஸ்டார்ட் பண்றே. நாப்பதாவது வரிலதான் பேக்கேஜ் மேனேஜரோட ஃபோல்டர் எங்க இருக்குன்னு சொல்றே. அது தேடி முடிச்சப்பறம் வழி சொல்லி என்ன பிரயோஜனம், கிருபா?"

அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு கருவியும் எதை எப்படி நிரப்ப வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைலைக் கூடவே கொண்டுவந்திருந்தது. அவையெல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. ஷெல் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்பதாவது வரியை மேலே ஏற்றிவிட்டுப் புது டெர்மினலைத் திறந்தான்.

டொங்.

"பழைய லிஸ்டை எங்கயாவது சேத்து வெச்சிண்டிருக்கும். அதை அழிச்சுட்டுத் திற."

அழித்தான். திறந்தான். மூன்று எழுத்து, ஒரு டேப். பெயர்கள் வரிசையாக இறங்கி வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னோடதுலயும் வரலை" என்றாள் வத்சலா. "ஆறு மாசமா முழுசாத்தான் அடிச்சுண்டிருக்கேன்."

"நீயா?"

"ஆமா. எத்தனை தடவை பார்த்தும் என் ஃபைல்ல கண்ணுல படலை. உன்னோடதைப் பார்த்தப்பறம்தான் புரியறது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் வர்றது, எனக்குத்தான் வரலேன்னு நெனச்சேன்."

இருவரும் ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கீழே எதை ஒட்டினாலும் அதற்கு முன்பே ஓடிவிடும் அந்த இருபத்தாறாவது வரி, அலுவலகம் எல்லா லேப்டாப்பிலும் போட்டு அனுப்பும் பொது ஃபைலிலேயே இருந்தது.

இன்னொன்று மிச்சமிருந்தது. சர்வர்களை நிறுத்தவும் தொடங்கவும் அலுவலகமே எழுதிய கருவிக்கு டேப் இன்னும் வேலை செய்யவில்லை. அதைப் பேக்கேஜாகக் கட்டியவர்கள் டேப்புக்கான ஃபைலைச் சேர்க்கவே மறந்திருந்தார்கள். பிரவின்குமாரின் லேப்டாப்பில் மட்டும் யாரோ எழுதிக்கொடுத்த ஒன்று இருந்ததாம். கிருபாகரன் வெள்ளியும் சனியும் பெரும்பாலும் இடது கையாலேயே தட்டி, எண்பது வரியில் ஒன்று எழுதினான். முடிக்கும்போது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் அதை எல்லாருக்கும் கொடுத்து, எந்த வரி எந்த வரிக்கு முன்னால் வரவேண்டும் என்று சொன்னான். ஒன்பது பேரில் ஆறு பேர், தங்களுக்கும் வரவில்லை என்றார்கள். ஒருவர்கூட அதுவரை வாய் திறந்ததில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் கையைப் பற்றியும் சொல்லிவிட்டான். இரண்டு விரல் மடங்காது, இனியும் மடங்காது, வேகமாக அடிக்க முடியாது.

"முன்னாடியே சொல்லிருக்கலாமேண்ணா," என்றான் பிரவின்குமார்.

மாலையில் மெயில் வந்தது. அவசர வேலைகளுக்கான முறைப் பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். குழுவின் கருவிகளைப் பேக்கேஜ் செய்து பராமரிப்பது இனி அவன் பொறுப்பு.

சிநேகா வேலையிலிருந்து வந்தபோது அவன் கட்டிலில் படுத்திருந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"வேற வேல குடுத்துட்டாங்க."

"நல்லதா, கெட்டதா?"

"தெர்ல" என்றான். "தூக்கம் வருது."

அவள் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தினாள். அவள் முகம் கழுவி வருவதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான்.