கால்மாட்டில் அரை அடி

"இன்னும் கொஞ்சம் தூக்குடா. தோள் பலகையில இடிக்குது பாரு," என்றார் நேத்தன் மாமா.

எவரால்ட் தன் அண்ணன் லாசெல்ஸின் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். கூட்டாளி கத்பர்ட் கால்களைப் பிடித்திருந்தான். இருவருமாக அவரைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். இரண்டு நாள் ஐஸ் வைத்திருந்த உடம்பின் குளிர் எவரால்டின் சட்டைக்குள் ஏறியது. தலை சரியாகத் தலையணையில் அமர்ந்தது. கைகளை மார்பின் மேல் மடித்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோர் கண்ணும் கால்மாட்டுக்குப் போயிற்று.

பாதங்களுக்கு அப்பால், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு, வெறும் பலகை தெரிந்தது.

மெர்டினா அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். "என்ன நேத்தன், துணைக்கு இன்னொரு ஆளையும் படுக்க வைக்கப் போறியா? மிச்ச இடத்தை வாடகைக்கு விடலாம் போல இருக்கே!"

சுவரோரம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நேத்தன் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்தச் சர்க்கரைத் தோட்டத்தில் செத்தவர்கள் எல்லோரும் அவர் செய்த பெட்டியில்தான் போயிருக்கிறார்கள். ஒருவரும் இப்படிக் குலுங்கிக்கொண்டு போனதில்லை.

"எனக்குத்தான் கண்ணு தெரியல. நீதானே படிச்சுச் சொன்னே, ஆறடி நாலு அங்குலம்னு?"

"டேப்புல என்ன இருந்துச்சோ அதைச் சொன்னேன். அவன் அம்மா வயித்துலேர்ந்து வந்த நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். ஆறடி நாலா அவன்?"

"அப்ப அதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"செத்தா நீளுவாங்கன்னு நெனச்சேன்!"

எவரால்ட் சிரிக்கவில்லை. அவன் போட்டிருந்தது அண்ணனின் கறுப்பு சூட். கால்சட்டை தரையில் புரளவும் இல்லை, கணுக்காலுக்கு மேலே ஏறவும் இல்லை. பதினைந்து வயது வித்தியாசம் இருந்தாலும் இருவருக்கும் ஒரே உயரம்தான். நேற்றுக் குழி வெட்டப் போகும்போது கத்பர்ட் அவனை நிற்க வைத்து மண்வெட்டிக் காம்பால் அளந்துகொண்டு போனான். "உனக்குன்னா நான் இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுவேன்டா, நீ தூக்கத்துல உருளுறவன்," என்று சிரித்தான்.

"ஸ்பைக்ஸைக் கொண்டாங்க. அந்த இடத்துல வெச்சா நிரம்பிடும்," என்றாள் அத்தை.

கட்டிலுக்கடியிலிருந்து ஸ்பைக்ஸ் வந்தது, லாசெல்ஸ் ஓடிய காலத்து ஆணி வைத்த ஷூ. தோல் காய்ந்து, ஆணிகள் துருப்பிடித்திருந்தன. எவரால்ட் அதை அண்ணனின் பாதங்களுக்குக் கீழே வைத்தான். அப்போதும் இடம் மிச்சமிருந்தது.

*

செத்தவரை அளந்த அளவுகோல் செத்தவரோடு போக வேண்டும். அது வெளியே கிடந்தால் வீட்டில் இன்னொருவரை அளக்கக் கூப்பிடும். அதனால் எல்லோரும் ஒரு குச்சியையோ கயிற்றையோ வைத்துத்தான் அளப்பார்கள். ஆனால் லாசெல்ஸ் சாகிறதற்கு முன்னால் நேத்தன் மாமாவைக் கூப்பிட்டு, "என் ஓட்டத்தை அளந்த டேப்பாலதான் என்னையும் அளக்கணும். அளந்ததும் எங்கூடவே போட்டுடணும். மறந்துடாதீங்க," என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓட்டக்காரனின் ஆசை என்றார்கள்.

அந்த ஓட்டத்தைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இந்தத் தீவின் ஓட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு லண்டன் ஒலிம்பிக்ஸுக்குக் கப்பல் போய்விட்ட பிறகு, தோட்டத்து விளையாட்டு விழாவில் லாசெல்ஸ் நூறு கெஜத்தை ஒன்பதரை வினாடியில் ஓடினார். புல் தரையில், அதுவும் கோவேறு கழுதைகள் மேய்ந்த புல்லில். அந்த வருஷம் உலகத்திலேயே அதைவிட வேகமாக ஓடியவர்கள் அமெரிக்காவில் நாலைந்து பேர்தான் என்று பத்திரிகையில் வந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் கப்பலைத் திருப்பியிருப்பார்கள் என்று ரம் குடிக்கிறவர்கள் இன்னமும் சொல்வார்கள். லாசெல்ஸ் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். சேணம் தைக்கிற கொட்டகைக்குத் திரும்பிப் போய் ஊசியை எடுத்துக்கொள்வார். அதன் பிறகு ஒரு போட்டியில்கூட அவருக்கு ஒன்பதரை வரவில்லை. அடுத்த வருஷம் தொடையில் நரம்பு அறுந்தது.

எவரால்டுக்குப் பதினாலு வயதானதும் லாசெல்ஸ் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் எடுத்தார்.

தோட்டத்து மைதானம் கரும்பாகிவிட்டிருந்தது. அதனால் டவுன் மைதானத்துக்குப் போவார்கள். அது சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே. கிளம்பும்போது கால் ஊன்றக் கரண்டியால் கால்குழி தோண்டு, குனி, ஓடு. அண்ணனின் கட்டைவிரல் வாட்ச்சின் தலையை அமுக்கும். "இன்னும்," என்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவரால்ட் ஒன்பது புள்ளி ஆறு ஓடினான். அதன் பிறகும் பல தடவை அதே ஒன்பது புள்ளி ஆறு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்பது தரையில் ஒரு கெஜம். அந்த ஒரு கெஜத்துக்கு முன்னால் அண்ணன் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தார், படுக்கையில் விழுந்த பிறகும்.

பர்மிங்ஹாமில் இருக்கும் சித்தி மகன் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை சொல்லி வைத்துவிட்டு, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் மஞ்சளாகி, மறுபடியும் எடுத்து, அதுவும் மஞ்சளாகிவிட்டது.

"அந்த ஒரு கெஜத்தைத் தாண்டு. தாண்டிட்டு எங்க வேணும்னாலும் போ," என்பார் லாசெல்ஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் பலமே இல்லை, கட்டைவிரல் மட்டும் நரம்பின் மேல் அழுத்தியது. "தாண்டாம இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்னு சொல்லு." அத்தை பைபிளைக் கொண்டுவந்து வைத்தாள். எவரால்ட் சொன்னான்.

*

செவான்ஸ் காரில் வந்து இறங்கினார். வட்டார விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். அவர் கொண்டுவந்த மலர்வளையம் வளையமாக இல்லை, கம்பியை 9.5 என்று வளைத்து வெள்ளைப் பூ கட்டியிருந்தார்கள். முற்றத்தில் ஆட்டு சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"ஒரு சேதி சொல்லணும். ஆகஸ்ட் முதல் தேதி லாசெல்ஸ் பேர்ல ஒரு கோப்பை வைக்கிறோம். நூறு கெஜம். வருஷா வருஷம் நடக்கும். ஒன்பதரையை யாராவது உடைக்கிற வரைக்கும் கோப்பை சங்கத்துலதான் இருக்கும்," என்றார் செவான்ஸ்.

"யாராவது என்ன யாராவது, எங்க பையன் உடைப்பான்! பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கான். உடைக்காம நகரமாட்டான்," என்றாள் அத்தை.

"வருஷா வருஷம் ஓடுவியா தம்பி?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். எவரால்ட் தலையை அசைத்தான். அது ஆமாம் போலத்தான் இருந்திருக்க வேண்டும். செவான்ஸ் அவன் தோளில் தட்டினார்.

உள்ளேயிருந்து நேத்தன் மாமாவின் குரல் கேட்டது. "எவரால்ட்! டேப்பைச் சுத்திக் கொடுடா. மூடி அடிக்கணும்."

அளவு நாடா ஜன்னல் மேடையில் அவிழ்ந்து கிடந்தது. வட்டமான தோல் உறை, பக்கத்தில் மடக்குகிற பித்தளைப் பிடி. ஐம்பதடி நீளம். எவரால்ட் பிடியைச் சுழற்றினான். நாடா உறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முளையில் மாட்டுகிற பித்தளை வளையம் வந்து உறையின் வாயில் தட்டி நின்றது.

வளையத்தை ஒட்டி இருந்த அங்குல எண் ஏழு.

அவன் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்த்தான். ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றிலிருந்து ஆறு வரை இல்லை. முனை கிழிந்துபோயிருக்கிறது, கிழிந்த இடத்தில் நாடாவை மடக்கி வளையத்தைக் கோர்த்துத் தைத்திருக்கிறார்கள். மெழுகு தடவிய இரட்டை நூல். இரண்டு ஊசியை எதிரும் புதிருமாக விட்டுத் தைக்கிற சேணத் தையல். தோட்டத்திலிருக்கும் ஒவ்வொரு கழுதையின் முதுகிலும் அந்தத் தையல் இருக்கிறது.

அரை அடி.

நூறு கெஜம் அளக்க ஐம்பதடி நாடாவை எத்தனை தரம் போடுவார்கள் என்பது எவரால்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு தரம். ஆறு அரை அடி, மூன்று அடி. மூன்று அடி, ஒரு கெஜம். அண்ணன் ஓடியது தொண்ணூற்றொன்பதுதான்.

*

அண்ணி ஐசில்டா பின்கட்டு அடுப்பின் முன்னால் காபி வடித்துக்கொண்டிருந்தாள். அவன் நாடாவை நீட்டினான்.

"அண்ணி, இதைத் தெச்சது யாரு?"

அவள் பானையைக் கீழே வைக்கவில்லை. "தையலைப் பார்த்தா உனக்குத் தெரியாதா?"

"எப்போ?"

"விழாவுக்கு முந்தின நாள். கழுதை மிதிச்சு முனை பிஞ்சுபோச்சுன்னு ஆபீஸ்லேர்ந்து கொடுத்தனுப்பினாங்க. வளையம் போட்டுத் தரச் சொன்னாங்க, போட்டுக் கொடுத்தார். சேணத்துக்கு வளையம் போடுறவர் நம்பரையா பார்ப்பார்?"

"அப்ப அவருக்குத் தெரியாது."

"அப்பத் தெரியாது."

காபி வடிந்துகொண்டிருந்தது.

"நீ டவுன்ல ஒன்பது புள்ளி ஆறு ஓடின அன்னிக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார்," என்றாள் ஐசில்டா. "ஓட்டத்துக்கப்புறம் ஆபீஸ்ல அவருக்கே கொடுத்துட்ட இதைத் தரையில விரிச்சு, என்னோட தையல் டேப்பைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரலை."

அடுத்த நாள் எவரால்டுக்கு ஞாபகமிருந்தது. விடியுமுன் அண்ணன் அவன் போர்வையை உருவி, "எந்திரி, இன்னும் ஒரு கெஜம் இருக்கு," என்றார். அன்றைக்கு அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நானா?" என்றாள் ஐசில்டா. இடுப்பில் கட்டியிருந்த துணியால் பானையின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, "அதை அவர்கூடவே அனுப்பிடு, எவரால்ட்," என்றாள்.

முற்றத்தில் செவான்ஸின் சிரிப்பு கேட்டது. நாலு எட்டு வைத்தால் அவரிடம் போய்விடலாம். இந்த ஏழாம் எண்ணைக் காட்டினால் போதும். பூக்கட்டிய கம்பியைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எவரால்ட் வாசற்படி வரைக்கும் போனான். ரம் பாட்டிலைக் கையில் பிடித்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் லாசெல்ஸ் முடிவுக் கோட்டுக் கயிற்றை மார்பால் அறுத்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கையை விரித்து, நெஞ்சை முன்னால் தள்ளி, கண்ணை மூடி. அவருக்கு அறுபது வயதிருக்கும்.

அவன் உள்ளே திரும்பினான்.

நேத்தன் மாமா சுத்தியலோடு நின்றார். "நாப்பது வருஷமா பெட்டி செய்யறேன்டா. ஊர் பூரா இனிமே இதையே சொல்லிச் சிரிக்கும்."

"உங்க மேல தப்பு இல்ல மாமா."

"பின்னே யார் மேல?"

எவரால்ட் நாடாவைத் தானே குனிந்து ஸ்பைக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். கதவோரத்தில் ஐசில்டா நின்றிருந்தாள். மூடி இறங்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

குடும்பக் கல்லறை வீட்டுக்குப் பின்னால், ரொட்டிப்பழ மரத்துக்கு அந்தப் பக்கம். மூன்று பக்கமும் கரும்பு தலைக்கு மேல் நின்றது. பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிப் போனார்கள். எவரால்ட் கால்பக்கம் பிடித்திருந்தான். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஸ்பைக்ஸ் நகர்ந்து பலகையில் தட்டியது. பாட்டுச் சத்தத்தில் அது அவன் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கயிறு போட்டு இறக்கினார்கள். தலைப்பக்கம் இறங்கியது. கால்பக்கம் குழியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டது. இப்படித் திருப்பிப் பார்த்தார்கள், அப்படித் திருப்பிப் பார்த்தார்கள். பெட்டி போகவில்லை. பாட்டு அறுந்தது.

"அவனுக்குப் போக மனசில்ல," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மனசில்லாம என்ன, இடமில்ல!" என்றான் கத்பர்ட், எவரால்டைக் காட்டி. "இவனை நிக்க வெச்சு அளந்து வெட்டின குழி. இவனுக்குக் கச்சிதமா இருக்கும். வேணும்னா படுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

நேத்தன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியை மறுபடி மேலே தூக்கிப் புல்லில் வைத்தார்கள். கத்பர்ட் மண்வெட்டியை எடுப்பதற்குள் எவரால்ட் குழிக்குள் குதித்துவிட்டான்.

"சூட், சூட்!" என்று அத்தை கத்தினாள்.

குழிக்குள் மண்வெட்டியை ஓங்க இடமில்லை. யாரோ தோட்டக் கரண்டி ஒன்றைப் போட்டார்கள். தலைக்கு மேலே முகங்கள் சுற்றி நின்றன, அவற்றுக்கு மேலே கரும்பின் நுனி. அவன் மண்டியிட்டுக் கால்மாட்டுச் சுவரைக் கொத்தினான். மண் கறுப்பாக, ஈரமாக, டவுன் மைதானத்து மண்ணைப் போலவே இருந்தது. ஏழு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் செய்த வேலை. கை தானாகவே போயிற்று. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் கொஞ்சம் தள்ளி ஒன்று.

"டேய், அவனைப் பாருடா! குழியை நீட்டச் சொன்னா ஓடறதுக்குக் கால்குழி போடுறான்!" என்றான் கத்பர்ட்.

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். செவான்ஸ் குனிந்து, "ஆகஸ்ட்டுக்கு இப்பவே தயாராகுறான்," என்றார்.

எவரால்ட் நிமிர்ந்து பார்த்தான். வெளிச்சம் கண்ணில் குத்தியது.

"நான் ஓடி முடிச்சுட்டேன் சார்," என்றான்.

"என்னது?"

அவன் மறுபடி குனிந்து அந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலிருந்த மண்ணை வெட்டித் தள்ளினான். சுவர் நேராகும்வரை வழித்தான். பிறகு கையால் அளந்து பார்த்தான். "துக்கத்துல இருக்கான், விடுங்க," என்று மேலே யாரோ செவான்ஸிடம் சொன்னார்கள். கத்பர்ட் கையை நீட்டினான். எவரால்ட் அதைப் பிடிக்காமல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஏறி வந்தான்.

இந்தத் தடவை பெட்டி தடங்கல் இல்லாமல் இறங்கியது. அடியில் போய் உட்கார்ந்தபோது உள்ளே ஸ்பைக்ஸ் ஒரு தரம் தட்டியது. ஐசில்டா கண்ணை மூடித் திறந்தாள். பாஸ்டர் புத்தகத்தைப் பிரித்தார்.

எவரால்ட் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றான். அண்ணனின் கால்சட்டை மடிப்பில் மண் அடைத்திருந்தது. ஒரு காலைத் தூக்கி மடிப்பைப் பிரித்து உதறினான். பிறகு மறு காலைத் தூக்கினான்.