நீரடைப்பு

அன்று மூன்றாவது தடவையாக ஞானசிகாமணி ஜீப்பை ஓரங்கட்டினார். சின்னமனூரிலிருந்து கிளம்பி இன்னும் பாதி மலைகூட ஏறவில்லை. பின்னால் மேகமலைத் தேயிலைத் தோட்ட லயங்களுக்குப் போகும் பெண்கள் ஆறு பேர், அரிசி மூட்டைகளின் மேல் காலை வைத்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ரேடியேட்டர் சூடாயிருச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனார். பல்லைக் கடித்து முக்கியும் நாலு சொட்டுக்கு மேல் வரவில்லை. திரும்பி நடக்கும்போதே மறுபடி முட்டியது. அவரைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத டிரைவரை அவர்களும் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறவர். மண் சரிந்த ஒரு மழைநாளில், பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்றிக்கொண்டு மூன்று வளைவு பின்னோக்கியே வண்டியை இறக்கியவர். அப்பேர்ப்பட்டவர் போன மாசியில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். டாக்டர் கையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, "கால்சட்டைய இறக்கிட்டு ஒருச்சாச்சுப் படுங்க, பின்வழியா விரல் விட்டுப் பாக்கணும்" என்றதும், வண்டியில் சாவியை விட்டுவிட்டேன் என்று வெளியே வந்தவர் சின்னமனூரில் வந்துதான் நின்றார். மனைவி அன்னத்தாயிடம், "வெறும் சூடுதானாம்" என்றார். அவளும் நம்பி, பார்லித் தண்ணீரும் நீர்மோருமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், மலை உச்சியில் வைத்து ஒரு சொட்டும் இல்லாமல் அடைத்துக்கொண்டது. அடிவயிறு பலாக்காயாக இறுகியது. வண்டியை எடுக்க வேறு ஆளில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு அவரே இறக்கினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண் இருட்டியது. ஆனாலும் வளைவில் ஒரு இடத்தில்கூட சக்கரம் விலகவில்லை. சின்னமனூரில் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகுதான், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "யாராச்சும் என்னைத் தேனிக்குக் கொண்டு போங்கப்பா" என்றார்.

ஆஸ்பத்திரியில் மூத்திரம் எடுக்கிற குழாயோடு வந்தது செபஸ்தியம்மாள் என்கிற நர்ஸ். அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"கம்பவுண்டர் இல்லையாம்மா?"

"லீவுல போயிட்டாரு. நாந்தான் செய்யணும். மூச்ச உள்ள இழுத்துட்டு மெதுவா விடுங்க."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எரிந்தது, குத்தியது, பிறகு சட்டென்று ஏதோ திறந்துகொண்டது. கண்ணாடி ஜாடி நிறைகிற சத்தத்தைக் கேட்டபடியே கிடந்தார். துண்டுக்குள் கண்ணும் நனைந்தது. வெட்கத்திலா நிம்மதியிலா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்து சோதித்துப் பார்ப்பார் என்றார்கள். சாயந்தரம் அன்னத்தாய் கஞ்சி கொண்டு வந்தபோது, "இந்தக் குழாயோடயே வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "சூடுன்னு அன்னைக்கு டாக்டரு சொன்னாகளா, நீங்களாச் சொன்னீகளா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நாலு புள்ள பெத்தேன். மூணாவதுக்கு ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாக. டாக்டரு, படிக்க வந்த பயலுகன்னு சுத்தி எத்தன பேரு நின்னாகன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் எந்திரிச்சு ஓடியிருந்தா ஞானசெல்வி இன்னைக்கு எங்கன இருப்பா? நீங்க வாசல்ல நின்னு ஜெபம் பண்ணீக. நாளைக்கு நான் நின்னு பண்றேன். கஞ்சியக் குடிங்க."

காலையில் டாக்டர் உறையை எடுக்கும் முன்பே அவர் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டார். உடம்பு தானாகவே கட்டையாக விறைத்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அருவருப்பும் வலியும் கலந்த ஒரு அழுத்தம். அதற்கு எதிராக மனசுக்குள் பத்துவரை எண்ண ஆரம்பித்தார். எட்டு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

"மூத்திரப் பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி நல்லா வீங்கியிருக்கு. ஆனா கல்லு மாதிரி இல்ல, புத்துநோயா இருக்காது. ஆபரேஷன் பண்ணா சரியாப் போகும்" என்ற டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே, "போன தடவையே படுத்திருக்கலாம்" என்றார்.

"எத்தன நாள்ல மலை ஏத்தலாம்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

மதுரையில் வயிற்றைக் கீறி ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்து ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தபோது டீக்கடையில் கர்ணன் என்கிற டிரைவர் இளித்துக்கொண்டே, "அண்ணே, அங்கனயே அறுத்துட்டாகளாமே" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஞானசிகாமணி டம்ளரைக் கீழே வைத்தார். "அறுத்தாக. அதுக்கு முன்னால பின்பக்கம் விரல விட்டும் பாத்தாக. அதுக்குப் பயந்து ரெண்டு மாசம் ஓடி ஒளிஞ்சேன். இன்னும் ஒரு மாசம் ஒளிஞ்சிருந்தா கிட்னி போயிருக்கும்னாக. ஒங்க யாருக்காச்சும் ஒண்ணுக்கு முக்கி வந்துச்சுன்னா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலிலிருந்தே சிரிக்காத ஒருவன் இருந்தான், தங்கபாண்டி. ஐம்பதைத் தாண்டிய டிரைவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நாலு நாள் கழித்து அவன் வண்டி மலைப்பாதையில் ஆளில்லாமல் நின்றது. புதருக்குப் பின்னாலிருந்து நெற்றி வேர்வையைத் துடைத்தபடி வந்தவன், பின்னால் ஜீப்பை நிறுத்தி நின்ற ஞானசிகாமணியைக் கண்டதும் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் தேனி போறோம்" என்றார் அவர்.

"கூச்சமா இருக்குண்ணே."

"எனக்கு இன்னைக்கும் கூச்சந்தான். அது போகட்டும்னு காத்திருந்தா நேரா சுடுகாட்டுக்குத்தான் போகணும்."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டர் அறை. வாசலில் பச்சைத் திரை, முழங்கால் உயரத்துக்கு மேல்தான் தொங்கியது. கீழே தங்கபாண்டியின் கால்கள் தெரிந்தன. டாக்டர் உள்ளே ஏதோ சொன்னார். கால்கள் ஒரு எட்டு வாசலைப் பார்த்து வந்தன. ஞானசிகாமணி எழவில்லை, கூப்பிடவும் இல்லை. கால்கள் அப்படியே நின்றன. வலது செருப்பின் நுனி தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, கால்கள் கட்டில் பக்கம் திரும்பின. ஒரு செருப்பு மட்டும் மெதுவாகக் கழன்றது.